மாதா காலடியில் ஒரு வால்வு

குளம் கழுவுகிறவளுக்குத்தான் தெரியும், மனித உடம்பிலிருந்து என்னவெல்லாம் கழன்று விழும் என்று. முடி விழும், அதற்குக் கணக்கே இல்லை. புண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி விழும். ஒட்டுநகம் விழும். குழந்தைகளின் டயப்பர் ஊறிப்போய், வெடித்த பஞ்சுப் பொதி மாதிரி மூலையில் கிடக்கும். ஒரு தடவை பல்செட் ஒன்று கிடந்தது. அதன் சொந்தக்காரர் திரும்பி வந்து வாங்கி, பேருக்குக்கூட ஒரு குழாயில் காட்டாமல் வாயில் மாட்டிக்கொண்டு போனார். லோர்னாவுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மக்கிலிங் மலையின் அடிவாரத்தில் அந்தத் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு பின்கட்டில் ஒரு நீச்சல் குளம். பூமிக்குள்ளிருந்தே வெந்நீர் வருகிற ஊர். மணிலாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து வந்து, ஒரு பகலுக்கோ ஓர் இரவுக்கோ குளத்தை வாடகைக்கு எடுத்து, ஊறி, தின்று, மைக்கைப் பிடித்துத் தொண்டை கட்டும்வரை பாடிவிட்டுப் போவார்கள். சாரிங்கம்மாவின் குளத்தை லோர்னா கழுவினாள். அவள் புருஷன் தெல்ஃபின் பம்பு, பைப்பு, கரண்டு எல்லாம் பார்த்துக்கொண்டான். துணி துவைக்கும் கல்லை ஒட்டியிருந்த ஒற்றை அறை அவர்களுடையது, வேலை இருக்கிறவரை.

ஒரு கூட்டம் போனதும் குளத்தை அடிவரை இறக்கிவிட்டு, தேய்த்துக் கழுவி, ஊற்றுத் தண்ணீரைப் புதிதாக ரொப்புவது அந்தத் தெருவின் வழக்கம். வருகிறவர்களும் வாசலிலேயே அதைத்தான் கேட்பார்கள். "தண்ணி புதுசா?" புதுசுதான். ஆனால் குளம் நிரம்ப அரை நாள் ஆகும். மழைக்காலம் முடிந்து கோடை பிறந்ததும், பகல் கூட்டம் துண்டைப் பிழியும்போதே ராத்திரிக் கூட்டம் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தது. அந்த அரை நாளைச் சும்மா விட சாரிங்கம்மாவுக்கு மனசு வரவில்லை.

"தெல்ஃபின், குளத்துக்கு ஒரு அருவி வேணும்" என்றாள் ஒரு நாள்.

"போட்டோ புடிக்கவாம்மா?"

"போட்டோக்கும்தான். கேட்டத் தொறந்ததும் தண்ணி கொட்டுற சத்தம் காதுல விழணும். கொட்டுற தண்ணியப் பாத்தா எவனும் புதுசா பழசான்னு கேக்க மாட்டான்."

தெல்ஃபினுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவனுக்கு முதலில் வந்தது கோபமோ வெட்கமோ இல்லை, வேலை சுவாரசியம். சாக்பீஸால் தரையில் படம் போட்டு லோர்னாவுக்குக் காட்டினான். ஆழ்துளையிலிருந்து ஒரு பைப்பு வரும். குளத்து அடியிலிருந்து பம்பு வழியாக இன்னொரு பைப்பு வரும். ரெண்டும் அருவிக்குப் பின்னால் ஒன்று சேரும். பைப்புக்கு ஒரு வால்வு. இதைத் திறந்தால் ஊற்றுத் தண்ணீர் கொட்டும். இதை மூடி அதைத் திறந்தால், குளத்துத் தண்ணியே மேலே ஏறி மறுபடி குளத்திலேயே கொட்டும்.

"பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் பெருமையாக.

"குளிக்கறவனுக்கு?" என்றாள் லோர்னா.

"நீ எதுக்கெடுத்தாலும் மூஞ்சியச் சுளிக்காத."

வால்வுகளை முதலில் குளத்தோரம் ஒரு சின்னக் குழியில் வைத்து இரும்பு மூடி போட்டான். அது நிற்கவில்லை. ஜின்னைக் குடித்துவிட்டு வந்த ஒரு மாமா, உள்ளே பீர் இருக்கிறதென்று நினைத்தாரோ என்னவோ, மூடியைத் திறந்து கையில் கிடைத்ததையெல்லாம் திருகிவிட்டார். பம்பு தண்ணீரில்லாமல் ஓடிக் கருகிப் போனது. கருகின நாற்றம் ரெண்டு நாள் அவர்கள் அறையை விட்டுப் போகவில்லை.

"வால்வு கண்ணுல படக் கூடாது" என்றாள் சாரிங்கம்மா.

"ஒளிச்சிடலாம்மா. ஆனா என் கை போற எடமா இருக்கணும். கை போகாத எடத்துல வெச்சா அது வால்வு இல்ல, கல்லு."

இடம் தேடினார்கள். கறி சுடுகிற அடுப்புக்குப் பின்னால் வைத்தால் சூட்டில் பைப்பு இளகும். செம்பருத்திப் புதருக்குள் வைக்கலாமென்று பார்த்தால், கழிப்பறை வரை நடக்கச் சோம்பல் படும் ஆண்களெல்லாம் அங்கேதான் நிற்கிறார்கள். அந்த மண்ணில் கை வைக்க முடியாது என்று தெல்ஃபினே சொல்லிவிட்டான். கோழி வலையை வளைத்து, மேலே சிமெண்டு பூசி, காவிப் பொடியும் கரிப் பொடியும் தூவி நிஜப் பாறை மாதிரியே ஒரு மூடி செய்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வருகிற வாண்டுகள் முதலில் செய்கிற காரியம், கிடக்கிற பாறையையெல்லாம் தூக்கிப் பார்ப்பது.

சாரிங்கம்மா பேசாமல் வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் குழந்தையைத் தூக்கி வைத்த மாதிரி லூர்து மாதாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீலக் கச்சை, கூப்பிய கை, ஒரு முழ உயரம். முன்கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த சொரூபம்.

"அருவிக்கு மேல பாறைக் குகை மாதிரி ஒரு கெபி கட்டு. வால்வு ரெண்டும் இவங்க காலடியில. மாதாவ நகட்டிப் பாக்க எந்தக் குடிகாரனுக்கு தைரியம் வரும்?"

தெல்ஃபின் சிலுவை போட்டுக்கொண்டான். போட்ட கையோடு அளவு நாடாவை எடுத்தான்.

"அம்மா, மாதாவைப் போயி" என்று லோர்னா இழுத்தாள்.

"நான் என்ன குப்பையிலயா வெக்கிறேன்? பூ வெச்சு, நீல லைட்டு போட்டு, ராணி மாதிரி வெக்கப் போறேன். அந்த முன்கூடத்துல யாரு பாத்தா இவங்கள?"

கெபி எழுந்தது. சொல்லக்கூடாது, அழகாகவே இருந்தது. பாறைகளுக்கு நடுவே மாதா நின்றாள். அவள் காலடியில் கைப்பிடி திரும்புகிற அளவுக்கு ஒரு பொந்து. சொரூபத்தின் அடிப்பக்கம் அந்தப் பொந்துக்கு மூடி. அதற்குக் கீழே இருந்து தண்ணீர் விரிந்து கொட்டியது. தெல்ஃபின் ஒவ்வொரு கூட்டம் வரும் முன்னும் மாதாவைப் பவ்யமாகத் தூக்கி ஒரு பக்கம் வைப்பான், வால்வைத் திருப்புவான், பழையபடி வைப்பான்.

யாரும் தொடவில்லை. அது மட்டும் சாரிங்கம்மா சொன்னபடியே நடந்தது. அவள் யோசிக்காதது ஒன்று இருந்தது. நோய் தீர்க்கும் ஊற்றுக்குப் பேர்போன லூர்து மாதாவின் காலடியிலிருந்து தண்ணீர் வந்தால் ஜனங்கள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்களா?

முதல் வாரமே ஒரு பெண் குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தைக் கழுவி, மீதியைக் குடித்தாள். அவளைப் பார்த்து அவள் கூட்டமே வரிசையில் நின்றது. மூட்டுவலிக்காரர்கள் முட்டியைக் காட்டினார்கள். காலி பாட்டிலைக் கழுவி ரொப்பிக்கொண்டார்கள். நெடுஞ்சாலையில் பலகையை ஆட்டி வண்டிகளை மடக்குகிற புரோக்கர் போயெட் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். "மாதா காலடியிலேர்ந்து நேரா மலை ஊத்து. வேற எந்த வீட்லயும் கெடையாது" என்று கூவ ஆரம்பித்தான்.

பம்புக்கு முன்னால் ஒரு கூடை இருந்தது. முடி, இலை எல்லாம் பம்புக்குள் போகாமல் தடுக்கிற கூடை. அதைக் காலி செய்வது லோர்னாவின் வேலை. மூடியைத் திறந்தாலே மூக்கில் வந்து அறையும். ஊரார் முடியெல்லாம் ஒன்றாய்ச் சுருண்டு, செத்த எலி மாதிரி வழவழவென்று கிடக்கும். அதில் ஸ்பகெட்டி இழை ஒட்டியிருக்கும். ரத்தம் வெளுத்த பஞ்சு ஒட்டியிருக்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சுவரில் அடித்துத் தட்டுவாள். நிமிர்ந்து பார்த்தால், அதே கூடை வழியாகப் போன தண்ணீர் மாதா காலடியில் பளபளவென்று விழும். அதை ஒருத்தி கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருப்பாள்.

"குடிக்கிறாங்கம்மா" என்று சாரிங்கம்மாவிடம் போய் நின்றாள்.

"நானா குடிக்கச் சொன்னேன்?"

"குடிக்கக் கூடாதுன்னு ஒரு போர்டாவது வெக்கலாம்."

"வெச்சா ஏன்னு கேப்பாங்க. நீ போய் பதில் சொல்றியா?" சாரிங்கம்மா முந்திரிப் பருப்பை மென்றுகொண்டே சிரித்தாள். "நம்பிக்கையோட குடிச்சா எதுவும் ஆகாது, போ."

தெல்ஃபின் இப்போதெல்லாம் அந்தக் குளத்தில் இறங்குவதே இல்லை. அருவி வருவதற்கு முன், குளம் காலியாக இருக்கிற நாட்களில் ஆசையாய் ஊறுவான். இப்போது துவைக்கிற கல் பக்கத்தில், டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டான்.

"இவ்ளோ பெரிய குளத்தக் கட்டிக்கிட்டு, டிரம்ல குளிக்கறியே" என்றாள் லோர்னா.

"சளி புடிக்குது."

"வெந்நியிலயா?"

அவன் சோப்பு நுரையோடு திரும்பிக்கொண்டான். அந்த முதுகைப் பார்க்க அவளுக்குக் குமட்டியது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் புருஷனைப் பார்த்து அப்படி ஒன்று தோன்றுவது அதுதான் முதல் முறை.

அவள் மட்டும் என்ன ஒழுங்கு? அதை நினைத்தால்தான் ராத்திரிகளில் புரண்டு படுத்தாள்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில், கூட்டமில்லாத ஒரு நாள், அவள் தங்கை மிலெட் கைக்குழந்தை கியானைத் தூக்கிக்கொண்டு புருஷனோடு வந்திருந்தாள். "சும்மாதான கெடக்கு, எறங்கிக்கட்டும்" என்று சாரிங்கம்மா பெருந்தன்மையாகச் சொன்னாள். மிலெட் ஒரு ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிறவள். வெந்நீரில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் சிரித்ததைப் பார்த்தபோது லோர்னாவுக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது மிலெட் ஒரு பாட்டிலை எடுத்தாள். "மாதா தண்ணி கொஞ்சம் வேணுமே."

"அக்காகிட்ட குடு, ரொப்பித் தருவா" என்றாள் சாரிங்கம்மா, லோர்னாவையே பார்த்துக்கொண்டு.

லோர்னா பாட்டிலை அருவியில் பிடித்தாள். மூடியை இறுக்கித் தங்கை கையில் கொடுத்தாள். "சுத்தமான ஊத்துத் தண்ணி" என்றுகூட வாய் சொன்னது.

அதற்கப்புறம்தான் கியான் தலையில் சிரங்கு வந்தது. சின்னச் சின்னதாய், மஞ்சள் பொருக்கு தட்டி, தலையணையில் ஒட்டிக்கொள்கிற சிரங்கு. குளத்தால்தான் வந்ததா என்று லோர்னாவால் சத்தியம் பண்ண முடியாது. இல்லை என்றும் பண்ண முடியாது.

"டாக்டர் களிம்பு ஒரு பக்கம், மாதா தண்ணி ஒரு பக்கம்" என்றாள் மிலெட் போனில். "தெனமும் பஞ்சுல தொட்டு தலையில வெக்கிறேன்க்கா. பாட்டிலு தீரப் போகுது."

"தண்ணி வேணாம் மிலெட். களிம்பு மட்டும் போடு."

"ஏன்?"

"சும்மாதான். ஈரம் பட்டா ஆறாது."

"நீ எப்போக்கா டாக்டரான?" மிலெட் சிரித்தாள். "அவன் மொதப் பொறந்தநாள அங்கயேதான் வெக்கப் போறோம். காசு குடுத்து, முழுப் பகலும். அவன் தலைய நேரா மாதா காலடியிலயே காட்டிட்டா சரியாயிடும்."

பிறந்தநாள் வைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் ரெண்டு கூட்டம் வந்து போயிருந்தது. ரெண்டாவது கூட்டத்தில் ஒருவன் குளத்துப் படியிலேயே வாந்தி எடுத்திருந்தான். லோர்னா வலை போட்டு அள்ளினாள். அள்ளினதை அள்ளினாள், கலந்ததை என்ன செய்ய?

"தெல்ஃபின், தண்ணிய மாத்து. ஒரே ஒரு தடவை. எந்தங்கச்சி புள்ளைக்காக."

"அம்மா வேணாம்னுட்டாங்க. ராத்திரிக்கும் ஆள் வருது. மாத்தினா ஆறாது, நெறையாது." அவன் குரலைத் தணித்தான். "பிளீச்சிங் பவுடர் ஒரு கை கூடவே போட்டிருக்கேன். போதும்."

"ஊத்து வால்வையாவது தொறந்து வை. அவங்க இருக்கற வரைக்கும்."

"அது வெந்நி. இருக்கற தண்ணியோட சேந்து சுட்டுச்சுன்னா அம்மாவுக்குத் தெரியும். கை வெச்சுப் பாத்து சொல்லிடுவாங்க. ரூம் போயிடும் லோர்னா. ரூம் போனா எங்க போவோம், சொல்லு."

மிலெட் பலூன் கட்டுடன், பன்சி நூடுல்ஸ் தட்டுடன், இனிப்பு ஸ்பகெட்டிச் சட்டியுடன் வாடகை ஜீப்னி வண்டியில் வந்து இறங்கினாள். சொந்தக்காரர்கள், ஃபேக்டரித் தோழிகள், அவர்கள் பிள்ளைகள். சாரிங்கம்மா பூசைக்குப் போனவள், அப்படியே கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கியான் தலையில் நீலத் தொப்பி. அதைக் கழற்றியபோது பொருக்கு இரண்டு இடத்தில் உரிந்து ரோஸாகத் தெரிந்தது.

லோர்னா காலையிலிருந்து ஒரே வேலையாக அந்தக் குழந்தையைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். தூங்க வைத்தாள். எழுந்ததும் சாப்பாடு ஊட்டுகிறேன் என்றாள். மெழுகுவர்த்தி ஊதி, கேக் வெட்டி, எல்லாம் முடிந்தது. பிள்ளைகள் குளத்தில் வாயில் தண்ணீர் பிடித்து ஒருத்தன் மேல் ஒருத்தன் துப்பி விளையாடினார்கள். லோர்னா பார்க்காமல் இருக்க முயற்சி செய்தாள்.

"குடுக்கா அவன" என்றாள் மிலெட் கடைசியில். கையில் துண்டும் காலி பாட்டிலும் வைத்திருந்தாள்.

"இப்பத்தான சாப்ட்டான்."

"காலையிலேர்ந்து இதயே சொல்ற. தலைய மட்டும் காட்டிட்டு வந்துடறேன்."

குழந்தையை வாங்கிக்கொண்டு மிலெட் குளத்தோர மேடை வழியாக அருவிக்கு நடந்தாள். லோர்னா முந்திப் போய்க் குறுக்கே நின்றாள்.

"வேணாம் மிலெட்."

"சூடா இருக்கா?"

"சூடில்ல."

"பின்ன என்ன?"

வாய் திறந்தால் ரூம் போகும். திறக்காவிட்டால் அந்த உரிந்த தலையில் அந்தத் தண்ணீர் விழும். மிலெட்டின் புருஷன் ஆர்னெல் தண்ணீரில் நின்றபடியே பேசினான். நல்லவன்தான், ரெண்டு பீர் உள்ளே போயிருந்தது.

"விடு மிலெட். உங்கக்காவுக்கு நம்ம பையன் தலையப் பாத்தா அருவருப்பா இருக்கு. சிரங்கு புள்ளைய எறக்கினா அடுத்த கஸ்டமர் வர மாட்டான்ல. நம்மதான் புரிஞ்சுக்கணும்."

மிலெட் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து லோர்னாவின் முகத்தில் இருந்த சுளிப்பை அவளும் கவனித்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது.

"அப்படியாக்கா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் வேற எங்கயாவது வெச்சிருப்பேனே."

லோர்னா செருப்பை உதறிவிட்டுப் பாறை மேல் ஏறினாள். சிமெண்டுப் பாறையில் பாசி வழுக்கியது. ஏறி, மாதாவை இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள்.

மைக்கில் பாடிக்கொண்டிருந்த தோழி நிறுத்திவிட்டாள். பாட்டின் இசை மட்டும் ஓடியது. யாரோ, "ஐயோ, மாதாவ ஏன் தூக்கறாங்க" என்றார்கள். சொரூபத்தின் அடிப்பக்கத்திலிருந்து கரப்பான்கள் உதிர்ந்து நாலா பக்கமும் ஓடின. ஒன்று லோர்னாவின் கை மேல் ஏறித் தோள் வரை போனது. அவள் மாதாவைக் கீழே போடவில்லை. மெதுவாகப் பக்கத்துப் பாறையில் சாய்த்து வைத்தாள். அப்புறம் பொந்துக்குள் கை விட்டாள். கைப்பிடி கொழகொழவென்று இருந்தது. திருப்பினாள்.

அருவி நின்றது.

நெடுநேரம் சொட்டிக்கொண்டிருந்துவிட்டு அதுவும் நின்றது. இத்தனை நாளாய்த் தண்ணீர் மறைத்துவைத்திருந்த பாறைச் சுவர் வெளியே தெரிந்தது. பச்சையும் மஞ்சளுமாய் மூக்குச்சளி மாதிரி ஒரு படலம், அதில் சிக்கின முடிகள்.

"இது ஊத்துத் தண்ணி இல்ல" என்றாள் லோர்னா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "குளத்துத் தண்ணிதான் மேல ஏறி எறங்குது. நேத்து வந்தவங்க குளிச்ச தண்ணி. முந்தாநேத்து வந்தவங்களும்."

தண்ணீரில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்னெல்தான் முதலில் வெளியே வந்தான். வந்து செம்பருத்திப் புதரோரம் குனிந்து எச்சில் துப்பினான், துப்பிக்கொண்டே இருந்தான். தாய்மார்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தெல்ஃபின் கறி திருப்புகிற இடுக்கியோடு ஓடி வந்தான்.

"எறங்குடி. என்ன பண்ணிட்டிருக்க?"

"வால்வு மூடினேன்."

"ரூம் போச்சு" என்றான் அவன். அதட்டலாக அல்ல, யாருக்கோ சாவு செய்தி சொல்கிற மாதிரி.

மிலெட் மட்டும் நகரவில்லை. குழந்தையை மார்போடு அணைத்தபடி கீழேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன நாளா இப்படி?"

"மாதாவ இங்க வெச்ச நாள்லேர்ந்து."

"ஈஸ்டருக்கு நாங்க வந்தப்ப?"

லோர்னா தலையாட்டினாள்.

"பாட்டில நீதான ரொப்பின."

"சாரிங்கம்மா பக்கத்துலயே நின்னாங்க, மிலெட்."

"நின்னா?"

லோர்னா மற்ற வால்வைத் திறந்தாள். பைப்பு இருமியது. துரு கலந்த காபி நிறத் தண்ணீர் கொஞ்சம் துப்பியது. அப்புறம் வந்தது ஊற்றுத் தண்ணீர், கண்ணாடி போல், ஆவி பறக்க, கந்தக வாசத்தோடு.

"இதுதான் நெஜம். இத ஆற வெச்சுத் தரேன், அவன் தலைக்கு" என்றாள்.

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன."

மிலெட் குழந்தைக்குத் தொப்பியை மாட்டினாள். அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவிலேயே சுத்தமான தண்ணீர் அது. ஒரு கைகூட நீளவில்லை.

எல்லாரும் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். ஜீப்னியைச் சாயங்காலம்தான் வரச் சொல்லியிருந்தது. ஆர்னெல் டிரைவருக்குப் போன் பண்ணிவிட்டு, எல்லாரையும் கேட்டோரம் நிழலில் நிற்க வைத்தான். குழந்தைகளைக் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டு, தோல் சிவக்கத் தேய்த்தார்கள். மீந்த ஸ்பகெட்டியை யாரும் கையால் தொடவில்லை.

லோர்னா இறங்கி வந்து குளத்தின் வடிகாலைத் திறந்தாள். தெல்ஃபின் தடுக்கவில்லை. தண்ணீர் இறங்க இறங்க ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு வளையம் வளையமாக நின்றது. பிறகு அடி தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சேறு, அதில் பிளாஸ்திரிகள், குச்சி ஐஸ் குச்சிகள், யாருடைய பொய் இமையோ பூரான் மாதிரி. கேட்டோரம் நின்றவர்கள் பார்க்காதது போல் பார்த்தார்கள். லோர்னா பாவாடையைச் செருகிக்கொண்டு பிரஷ்ஷோடு இறங்கினாள்.

சாரிங்கம்மா வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கூடவே போயெட் ராத்திரிக் கூட்டத்தை அழைத்து வந்தான். பெரிய குடும்பம், கையில் ஐஸ் பெட்டி, முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண். சாரிங்கம்மா காலிக் குளத்தைப் பார்த்தாள். பாறையில் சாய்ந்திருந்த மாதாவைப் பார்த்தாள். கேட்டோரம் ஈரத் தலையோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெல்ஃபினின் பக்கம் சாய்ந்து, "வால்வுக்கு வேற எடம் பாரு" என்று மட்டும் சொன்னாள். அவன் தலை தொங்கியிருந்தது. ஆனாலும் கண் தன்னால் சுவரோரமாக ஓடி, மூலைகளை அளந்தது. லோர்னா அதைக் குளத்துக்குள்ளிருந்து பார்த்தாள். பிரஷ்ஷை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

போயெட்தான் சட்டென்று சுதாரித்தான். தொழில்காரன்.

"பாத்தீங்கல்ல?" என்றான் வந்தவர்களிடம், கையை விரித்து. "எங்க வீட்ல இப்படித்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கண்ணு முன்னாடியே கழுவி, புதுசா ரொப்பித் தருவோம். கொஞ்சம் நேரமாகும், ஆனா சுத்தம்னா சுத்தம். மாதாவக்கூட எறக்கி வெச்சுத் தொடைக்கறோம் பாருங்க."

சாரிங்கம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "வருஷக்கணக்கா இதான் எங்க பழக்கம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

கேட்டோரம் நின்ற மிலெட் அதைக் கேட்டாள். அவள் முகம் திரும்பவில்லை, ஆனால் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஆர்னெல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மிலெட் அவன் கையைப் பிடித்தாள்.

கர்ப்பிணிப் பெண் குளத்து விளிம்பில் வந்து குனிந்து, லோர்னாவிடம் சிநேகமாகக் கேட்டாள். "தெனமும் இப்படியே கழுவுவீங்களாக்கா? முதுகு ஒடிஞ்சிடுமே."

லோர்னா நிமிர்ந்தாள். கணுக்கால் வரை சேறு. முழங்கை வரை பச்சை. சாரிங்கம்மா மேலேயிருந்து அவளைப் பார்த்தாள், பாட்டிலை ரொப்பச் சொன்ன அன்று பார்த்த அதே பார்வை.

"இல்லம்மா" என்றாள் லோர்னா. "இன்னிக்குத்தான் கழுவறேன். அருவி கட்டினதுலேர்ந்து ஒழுங்கா மாத்தினதே கெடையாது. அந்தத் தண்ணியத்தான் மேல ஏத்தி மாதா தண்ணின்னு குடிக்க விட்டோம். நானே பாட்டில்ல ரொப்பிக் குடுத்திருக்கேன்." மூச்சு வாங்கினாள். "எந்தங்கச்சிக்கே குடுத்திருக்கேன். அங்க நிக்கறா."

போயெட் எதையோ தேடுகிறவன் போலத் தரையைப் பார்த்தான். கர்ப்பிணிப் பெண் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, விளிம்பை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவளோடு வந்தவர்கள் கீழே வைத்த ஐஸ் பெட்டியை மறுபடி தூக்கினார்கள்.

"மேல ஏறி வா" என்றாள் சாரிங்கம்மா, நிதானமாக. "துணிமணிய எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கெளம்புங்க."

வெளியே ஜீப்னி வந்து ஹார்ன் அடித்தது. கேட்டோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். மிலெட் கடைசி. படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பி, குளத்துக்குள் நின்ற அக்காவைப் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

"நாளைக்கு இவன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "எந்தத் தண்ணின்னு கேப்பாரு. நீ வந்து சொல்லு."

ஜீப்னி போனது. லோர்னா பிரஷ்ஷைக் குளத்திலேயே போட்டுவிட்டு ஏணியைப் பிடித்து ஏறினாள்.